உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்

என் ஆசைத் தம்பி சொக்கலிங்கத்துக்கு,

ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நீ உயிரோடு இருந்தபோது பாதி ஊர் உன் பேச்சுக்குக் கைதட்டும், மீதி ஊர் உன்னைத் திட்டும். திட்டுகிறவர்கள் வீட்டுக்கும் நீதான் கதவு நிலை செய்து கொடுத்திருப்பாய் என்பதால் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் அவர்களே என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "அவுக பேரு நெலைக்கணும்க்கா" என்கிறார்கள். பால்காரர் சொன்னதும் அதே வார்த்தை, டெய்லர் சொன்னதும் அதே வார்த்தை. பல வாயிலிருந்து ஒரே வார்த்தை வந்தால் அதை முதலில் சொன்ன வாய் எது என்று தேடு என்று நீதானே எனக்குச் சொல்வாய். தேடினேன், கண்டுபிடித்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு எழுதுவதை ஊரும் கேட்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். உன் இரங்கல் கூட்டத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அக்கா பாக்கியத்துக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறது ஒரு கூட்டம். தம்பி பெண்டாட்டி மேல் உள்ள கடுப்பை மேடையில் காட்டிவிட்டாள் என்கிறது இன்னொன்று. நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் பெண்டாட்டி வசந்தா நன்றாக இருக்கிறாள் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். உன் உளிகளுக்கும் இழைப்புளிக்கும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். அவற்றை வாங்கிப் போகலாம் என்று வந்த ஆசாரியை வாசலோடு அனுப்பிவிட்டாள். நீ போனதிலிருந்து ரேடியோவை நாங்கள் யாரும் திருகவில்லை.

நீ பேச்சாளன் ஆன கதையை அன்றைக்கு இரங்கல் மேடையில் ஒவ்வொருவரும் ஒரு தினுசாக அளந்தார்கள். நம் பட்டறையில்தான் ஆனாய் என்று எனக்கல்லவா தெரியும். பகலெல்லாம் மரம் இழைப்பாய். சாயங்காலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காரைக்குடி பஸ் வருவதற்குள் மரச்சுருள் குவிந்து கிடக்கிற பட்டறையில் நின்று எனக்கு முன்னால் பேசிக் காட்டுவாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள் நான். யார் என்ன இனிக்க இனிக்கப் பேசினாலும் நம்பாத புத்தி எனக்கு அங்கேதான் வந்தது. பெண் பார்க்க வந்தபோது அவர்கள் பேசாத இனிப்பா?

அந்தப் புத்தி உனக்கு உபயோகப்பட்டது. நீ ஒன்றைச் சொல்லி முடித்து அடுத்ததற்குத் தாவுகிற இடத்தில், "அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நிறுத்துவேன். நீ கொஞ்சம் முழிப்பாய், அப்புறம் சிரிப்பாய்.

"சம்பந்தம் இல்லக்கா. ஆனா வேகமாச் சொன்னா இருக்குற மாதிரித் தெரியும்."

அடப்பாவி என்று வெங்காயத் தோலை உன் மேல் வீசுவேன். நீங்கள் ஊரில் தமிழ் மன்றம் ஆரம்பித்த வருஷம்தான் ஊருக்குக் கரண்டு வந்தது, ஆகையால் மன்றம்தான் ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்தது என்று ஒரு பேச்சு தயார் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கம்பம் நட்டவர்கள் உன் மன்றத்தைக் கேட்டா நட்டார்கள் என்று கேட்டேன். "கூட்டத்துல யாரும் இதைக் கேக்க மாட்டாகக்கா" என்றாய். யாரும் கேட்கத்தான் இல்லை. கைதட்டல் நம் தெரு முனை வரைக்கும் கேட்டது.

எங்களோடு நிற்காதவன் தமிழுக்கு எதிரி என்று ஒரு தேர்தல் சமயத்தில் முழங்கிப் பழகினாய். "நடுவுல நிக்கிறவனுக்கு எடமே கெடையாதாடா?" என்றேன். "நடுவுல எடம் விட்டா எல்லாரும் அங்குட்டுத்தான் போயி நிப்பாக" என்றாய். மேடையில் நீ கேட்டு வாங்கிக் குடிக்கிற சோடா கூடத் தாகத்துக்கு இல்லை என்று எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய். வாதம் நொண்டுகிற இடம் வந்தால் கையை நீட்டுவாய், கோலி உடைகிற சத்தத்தில் ஜனங்கள் முன்னால் சொன்னதை மறந்துவிடுவார்கள், நீ வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை ஆரம்பிப்பாய். உன்னைப் போல நாலு பேர் கூட்டத்தில் இருந்தால் என் பிழைப்பு போச்சு என்று என்னைப் பார்த்துச் சொல்வாய். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு பட்டிமன்றத்தில், குடும்பத்தைத் தாங்குவது பொறுமைதான் என்று பேசினாய். பெண்கள் எல்லாம் அழுதார்கள் என்றாய். அடுத்த மாதமே வேறோர் ஊரில், துணிச்சல்தான் தாங்குகிறது என்று பேசினாய். அங்கேயும் அழுதார்களாம். உன் மனசில் உள்ளது எதுடா என்று கேட்டேன். "மனசு வீட்டுல இருக்குக்கா. மேடைக்கு நாக்கு மட்டுந்தான் போகுது" என்றாய். சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து உன்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், சொக்கு.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அதை அந்த இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நம் ஊர்க் கிணறு எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர்தான். வாயில் வைக்க முடிகிற தண்ணீர் ஊருணித் தண்ணீர் ஒன்றுதான். மேற்கே பொட்டலில் பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக ஓடி வந்து அதில் சேர்ந்தால் உண்டு. ஐப்பசிக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் அந்தக் கால்வாயைத் தூர் எடுத்துவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். ஒரு வருஷம் தேர்தல் மும்முரத்தில் ஒருவரும் போகவில்லை. மன்றத்து ஆண்டு விழாவில் கணக்கு வாத்தியார் எழுந்து, ஏன் இந்த வருஷம் வரத்து வெட்டவில்லை என்று கேட்டார். பாவம், அவருக்குத் திக்குவாய். அந்த ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

மைக்கில் இருந்த நீ, "சார் கேட்டு முடிக்கிறதுக்குள்ள மழை பேஞ்சு ஊருணி நெறஞ்சிரும்" என்றாய்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயமா இல்லையா என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. மனுஷன் உட்கார்ந்துவிட்டார், அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் சித்திரையிலேயே ஊருணி கலங்கிப்போய், குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைத்துத்தான் குடித்தோம். நீயும் அதைத்தான் குடித்தாய். "கேள்விக்குப் பதில் இல்லைன்னு கேட்ட ஆளை அடிச்சுட்டியேடா" என்று நான் சத்தம் போட்டபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாய். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாயா? கேட்டாய் என்கிறாள் வசந்தா. வரவே இல்லை என்கிறார் வாத்தியார் சம்சாரம். இதில் யாரை நம்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் உன் தொண்டையில் கட்டி வந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அனுப்பியபோது உன் குரல் உன்னோடு திரும்பி வரவில்லை. ஊரையே கட்டிப்போட்ட நாக்கு வாய்க்குள்ளேயே கிடந்தது. ஆமாம் என்றால் தலையை ஆட்டுவாய், இல்லை என்றால் கையை விரிப்பாய். பால் வேண்டுமா, கஞ்சி வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு, நீ எதற்குத் தலையாட்டினாய் என்று புரியாமல் நானும் வசந்தாவும் தவித்தது எங்களுக்குத்தான் தெரியும். உனக்குக் கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

மன்றத் தலைவர் அருணகிரி வந்தது அந்தச் சமயத்தில்தான். உன் மேடைக் கூட்டாளி, அரிசி மில்காரர், உனக்கு 'முழக்கச் செம்மல்' என்று பட்டம் கொடுத்து மாலை போட்டவர். நான் ஊருணிக்குப் போயிருந்தேன், வசந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். குடத்தோடு நான் உள்ளே நுழையும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பிகிட்ட ரெம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தேன்க்கா. மனசுல உள்ளதையெல்லாம் சொன்னாக" என்றார்.

பேச்சே போனவன் என்ன பேசினான், இவர் என்ன கேட்டார்? குடத்தை இறக்கி வைத்துவிட்டு முதல் வேலையாக உன்னிடம் கேட்டேன். "அருணகிரி என்னடா கேட்டாரு? நீ என்ன சொன்னே?" நீ தலையாட்டவும் இல்லை, கையை விரிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாய். களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதற்குள் நீ நினைவு தப்பிவிட்டாய்.

நீ போன பிறகு இரங்கல் கூட்டம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட்டத்துக்கு முதல்நாள் காலையில் தண்ணீருக்குப் போனபோது, பொட்டலில் யாரோ கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவரிடம், இது என்ன என்று கேட்டேன். "ஒங்க தம்பிக்கு மன்றம் கட்டப் போறாகள்ல, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். கோடு வரத்துக்காலுக்குக் குறுக்கே போயிருந்தது. மன்றத்தின் வாசலிலிருந்து மேற்கே பாதைக்கும் அகலமாகக் கோடு போட்டிருந்தார்கள். மன்றத்துக்கு வருகிறவர்கள் கிழக்கே இருக்கிற ஊருக்குள்ளிருந்து அல்லவா வருவார்கள்? மேற்கே இருப்பது அருணகிரியின் அரிசி மில் ஒன்றுதான். இப்போது அவர் லாரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. உன் பெயரைச் சொல்லி மண்ணை அடித்து மேடாக்கினால் நேரே போகலாம். உன் பேரு நிலைக்கணும் என்று பால்காரருக்கும் டெய்லருக்கும் சொல்லிக்கொடுத்த வாய் எது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் கோயிலுக்கு எதிர்த்த மைதானத்தில் நடந்தது. மேடையில் உன் படத்துக்கு மாலை, பக்கத்தில் வசந்தாவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். என்னையும் மேலே கூப்பிட்டார்கள். கீழேயே இருக்கிறேன் என்று பெண்கள் பக்கம் ஜமக்காளத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் இருந்தால் பேசுகிறவன் முதுகுதான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

அருணகிரி நன்றாகப் பேசினார், அதை ஒத்துக்கொள்கிறேன். உன்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாயிற்றே. கண்ணாடியைக் கழற்றினார், குரலை இறக்கினார். "கடைசியா எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? அருணகிரி, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நம்ம ஊருப் புள்ளைக பேசிப் பழக ஒரு எடம் இருந்தாப் போதும்னு சொன்னாக."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு எழுத்துக்கூட வெளியே வராத தொண்டை இத்தனை வார்த்தை சொன்னதா? கூட்டத்திலும் ஒன்றிரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

"வாயால இல்ல, கண்ணால சொன்னாக" என்றார்.

என் பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கண்ணால் அவ்வளவு நீளமாகப் பேசத் தெரிந்தவன், கஞ்சியா பாலா என்பதை எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் வசந்தாவும் பக்கத்திலேயே கிடந்தோமே.

மன்றத்துக்குப் பொட்டல்தான் இடம் என்று அருணகிரி சொன்னதும், பின்னாலிருந்து பெரியவர் ஒருவர், "அது தண்ணி வர்ற எடமாச்சே தலைவரே" என்றார். அருணகிரி அவரைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தைப் பார்த்தார். "அறிவு வளர்க்கிற மன்றம் வேணுமா, முள்ளுச்செடி மொளச்ச பொட்டல் வேணுமா? நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். சோடா வந்தது. எனக்கு உன் நினைவு வந்தது. அந்த நேரத்தில்கூட, "பாத்தியாடா, இங்கதான் ஓட்டை" என்று உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சோடாவைக் குடித்து முடித்தவர் மைக்கை இழுத்துப் பிடித்தார். "முழக்கச் செம்மல் நினைவு மன்றம் அந்த எடத்துல அமையணும்ங்கிற தீர்மானத்த ஏத்துக்கிட்டு, அவுக ஆத்மா சாந்தியடைய நாம எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நிப்போம்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். உனக்கு அஞ்சலி என்றும் அதுதான், பொட்டலுக்குச் சம்மதம் என்றும் அதுதான்.

இது யாருடைய வித்தை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பழைய தலைவர் இறந்தபோது, வாசகசாலைச் சாவியை மன்றத்திடம் ஒப்படைக்கும் தீர்மானத்தை இப்படித்தான் நீ நிறைவேற்றினாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "செத்தவருக்கு எந்திரிக்காம எவன்க்கா உக்காந்திருப்பான்?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அருணகிரி அதை மறக்கவில்லை. உன் பொருளை எடுத்து உன் மேலேயே போட்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். உன்னைத் திட்டினவர்களும் எழுந்தார்கள், தண்ணீர் வருகிற இடம் என்று சொன்ன பெரியவரும் எழுந்தார், கணக்கு வாத்தியாரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார். மேடையில் வசந்தா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். என்னைச் சுற்றிச் சேலையும் காலுமாகத் தெரிந்தது, உன் படம் மறைந்துபோனது.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

சுலபமாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. ஆத்தா போனபோது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள் நான். உனக்காக நிற்காமல் வேறு யாருக்காக நிற்கப் போகிறேன்? கால் இரண்டும் எழு எழு என்று துடித்தது. கையை ஜமக்காளத்தில் ஊன்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள் என் தோளைத் தொட்டு, "எந்திரிங்கக்கா, எல்லாரும் பாக்குறாக" என்று முணுமுணுத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நிமிஷம் முடிந்ததும் அருணகிரி, "தீர்மானம் ஏகமனதா நெறவேறிருச்சு" என்றார்.

"நான் எந்திரிக்கல" என்றேன்.

மைக் இல்லாமல் சொன்னதுதான், ஆனால் கேட்டுவிட்டது. அவர் குரலைக் குழைத்துக்கொண்டார். "அக்காவுக்குத் துக்கம் தாங்கல. பாவம், நிக்க முடியாம உக்காந்துட்டாக. யாராவது தண்ணி குடுங்கப்பா."

வாத்தியாரை நீ திக்குவாய் என்று அடித்தாய். இவர் என்னைப் பாவம் என்று அடித்தார். எழுந்து நேரே மேடைக்குப் போனேன். "முழங்காலு நல்லாத்தான் இருக்கு. மைக்கைக் குடுங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் தராமல் இருக்க முடியவில்லை அவரால்.

உன்னைப் போலப் பேச வரவில்லை. வந்ததைப் பேசினேன். "எந்தம்பி இவுககிட்ட சரின்னு சொன்னானா சொல்லலையான்னு எனக்குத் தெரியாது. நான் அப்ப ஊருணியில இருந்தேன். சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான். அவன் சொல்லியிருந்தாலும் அது தப்புத்தான். சொக்கலிங்கம் சொன்னான்னு தண்ணி மேட்டுல ஏறியா வரும்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இரங்கல் கூட்டத்தில் சிரிப்பு. உனக்குப் பிடித்திருக்கும்.

"அவனுக்காக நிக்கச் சொன்னா நாள் முச்சூடும் நிப்பேன். பொட்டலுக்காக நிக்க மாட்டேன். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீக. தனித்தனியாக் கேளுங்க. தீர்மானத்துக்குச் சம்மதம்ங்கிறவுக மொதல்ல கையத் தூக்கட்டும். அப்புறமா அஞ்சலி செலுத்துவோம், நான்தான் மொத ஆளா நிப்பேன்."

அருணகிரி மைக்கை வாங்கிக்கொண்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. "இது எரங்கல் கூட்டம்க்கா. இங்க போயி கையத் தூக்கு, எறக்குன்னு ஓட்டுக் கேக்குறது மரியாதையா?"

"அதத்தான நானும் சொல்றேன்" என்றேன்.

தண்ணீர் வருகிற இடம் என்று முதலில் சொன்ன பெரியவர், "அந்தம்மா சொல்றது சரி, தனியாக் கேளுங்க. இல்லைன்னா இன்னைக்குக் கேக்காதீக" என்றார். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து குரல் எழும்பியது. இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அருணகிரி கூட்டத்தை முடித்துவிட்டார். தீர்மானம் எழுதப்படவில்லை. நான் கேட்ட அந்த இரண்டாவது அஞ்சலியையும் யாரும் செலுத்தவில்லை, எல்லோரும் கலைந்து போய்விட்டார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்ததா என்று கேட்பாய். வீட்டுக்கு வரும் வரைக்கும் இருந்தது. வந்ததும் அதன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. மேட்டில் தண்ணீர் ஏறுமா என்று நான் கேட்டபோது சிரித்தவர்கள், என் நியாயத்துக்குச் சிரித்தார்களா, நான் சொன்ன விதத்துக்குச் சிரித்தார்களா? அக்கா என்பதால் கேட்டார்களா, சொன்னது சரி என்பதால் கேட்டார்களா? வேறு ஒருத்தி எழுந்து இதையே சொல்லியிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வசந்தா அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவுக பேரு ஒரு கல்லுலயாவது இருக்கக் கூடாதா மதினி? ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. ஒங்களால ஒரு நிமிசம் நிக்க முடியலையா?"

வரத்து, லாரி, கோடு என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள், சோறு ஆறுகிறது, மோர் இருக்கிறது என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

புரட்டாசிக் கடைசியில், வரத்து வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தண்டோராப் போட்டார்கள். எல்லா வருஷமும் நம் வீட்டிலிருந்து நீ போவாய். இந்த வருஷம் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து அனுப்பலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் மூலையில் மண்வெட்டியைக் காணோம், வசந்தாவையும் காணோம். பொட்டலுக்குப் போனேன். ஆம்பிளைகளுக்கு நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளுக்கு அடுத்தாற்போல் கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வெயில்ல ஏன் வந்தீக மதினி, வீட்டுக்குப் போங்க" என்றாள். கோபம் தீர்ந்து சொன்னாளா, தீராமல் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெட்டினது ஆழமாகவே இருந்தது.

அருணகிரி சும்மா இருக்கிறவர் இல்லை. அடுத்த மாதம் பொங்கல் விழாவுக்குப் பெரிய பேச்சாளர் ஒருவரை வரவழைக்கிறாராம். மறுபடியும் உன் பெயர் வரும், கண்ணீர் வரும். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் பொட்டலில் கயிறு பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நீ தலையாட்டினாயா, சொக்கு? ஊருணித் தண்ணீரில் காய்ச்சின கஞ்சியைக் குடித்துக்கொண்டே, ஒரு கல்லில் உன் பெயர் இருக்கும் என்பதற்காகச் சரி என்றாயா? இல்லை, கையை விரித்தும் அந்த ஆள் அதைச் சரி என்று வைத்துக்கொண்டாரா? ஆட்டியிருந்தால் உன்னோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. ஆட்டவில்லை என்றால், செத்த உன்னைச் சந்தேகப்பட்ட பாவம் எனக்கு இருக்கிறது. இரண்டையும் தீர்க்க நீ இல்லையேடா.

பெற்ற பிள்ளை போல வளர்த்தவளுக்கு நீ பொய் சொல்லியிருக்கலாம், மேடையில் ஆயிரம் புரட்டுப் பேசியிருக்கலாம். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உன் மேல் உயிரை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். உன் பெயரைச் சொல்லி இனி யார் வந்து எதைக் கேட்டாலும், அது நல்லதாகவே இருந்தாலும், ஊரே எழுந்து நின்றாலும், நான் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

அத்தனை பேர் நின்றபோது உனக்காக உட்கார்ந்திருந்த
உன் அக்கா,
பாக்கியம்